அணைந்துபோன புஸ்வாணம்

என் வலது கை ஆட்காட்டி விரலின் நுனியில் ஊசி குத்தினால் இன்றும் உடனே தெரிவதில்லை. துணியில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்த பிறகுதான் விரலைத் திருப்பிப் பார்க்கிறேன். தையல் வேலையில் பிழைக்கிற ஒருத்திக்கு இது சின்ன விஷயமில்லை. மகளின் ஒன்பதாவது பிறந்தநாள் இரவில், என் வீட்டு முற்றத்தில், என் கையாலேயே நான் தேடிக்கொண்டது இது. அன்றைக்கு நடந்ததை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாதி வெட்கம், பாதி அலுப்பு. ஆனால் யாராவது "பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பட்டாசு வாங்கியிருக்கிறேன், பெரிய வெடி எதுவும் இல்லை" என்று சொல்லும்போதெல்லாம் தொண்டைவரை வந்து நின்றுவிடுகிறது. அந்தப் "பெரிய வெடி எதுவும் இல்லை" என்பதை நானும் அப்படியே சொல்லியிருந்தேன்.

கணவர் வேலை நிமித்தமாக வெகுதொலைவில் இருந்தார். வீட்டில் நான், அம்மா, மகள் மூவர்தான். அப்பா இல்லாத பிறந்தநாள் என்பதால் மகளின் முகம் இரண்டு நாளாகவே சரியில்லை. அதைச் சரிக்கட்டத்தான் பட்டாசு. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம் என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். சத்தம் போடுவதுதான் ஆபத்து, வெளிச்சம் தருவது விளையாட்டுப் பொருள் என்பது என் கணக்கு. ஒரு வாளித் தண்ணீர் வைக்க வேண்டும் என்று நினைவு வந்தது. இருந்த ஒரே பெரிய வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது. சரி, குழாய்தான் பத்தடியில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

மகளோடு சேர்த்து ஏழு பிள்ளைகள். பெரியவர்கள் என்று பார்த்தால் நானும் அம்மாவும். பற்றவைப்பதும் நான், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் நான், நடுவில் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக் கணவருக்குக் காட்டுவதும் நான். இப்போது எண்ணிப் பார்த்தால் இந்த இடத்திலேயே பாதி விபத்து முடிந்துவிட்டது. பற்றவைக்கிறவர் வேறு எதையும் செய்யக் கூடாது. பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த இன்னொருவர் வேண்டும், அவர் ஓடக்கூடியவராக இருக்க வேண்டும். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்படி ஒருவர் அமையாத நாளில் பட்டாசைப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம், அது எங்கும் போய்விடாது.

கம்பி மத்தாப்பை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். ஒருவர் மத்தாப்பிலிருந்து இன்னொருவர் பற்றவைக்க, முற்றம் நிறையப் பொறி. மகள் சிரித்தாள். எரிகிற மத்தாப்புகளையே நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் தலைமுடியில் படுகிறது, யார் சட்டையில் படுகிறது என்று. எரிந்து முடிந்த கம்பியை அவர்கள் தரையில் போட்டுவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினார்கள், நானும் எடுத்துக் கொடுத்தேன். கீழே கிடந்த கம்பிகளை நான் பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஆறு வயது. செருப்பைத் திண்ணையோரம் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓடிவந்தவன், திடீரென்று நின்று, அலறக்கூட முடியாமல் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். உள்ளங்காலில் கம்பி ஒட்டியிருந்தது.

மத்தாப்பு எரியும்போது அதன் நுனியில் ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்கிறது. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில், அலுமினியம் உருகுவதே 660 டிகிரியில்தான். இவ்வளவு சூட்டை ஆறு வயதுப் பையன் கையில் நானே கொடுத்திருக்கிறேன். இதைவிட மோசமானது, பொறி நின்றபின் அந்தக் கம்பியின் நிறம். செக்கச்செவேல் என்று இருந்தது கண்மூடித் திறப்பதற்குள் கறுத்துவிடும். கறுத்த கம்பி ஆறிய கம்பி அல்ல, இருட்டில் கண்ணுக்குத் தெரியாத கம்பி, அவ்வளவுதான். ஆகவே மத்தாப்பு கொடுப்பதென்றால் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், கையை உடலிலிருந்து நன்றாக நீட்டிப் பிடிக்க வேண்டும், ஒருவர் மத்தாப்போடு இன்னொருவர் மத்தாப்பைச் சேர்க்கக் கூடாது, எல்லோர் காலிலும் மூடிய காலணி இருக்க வேண்டும். எரிந்து முடிந்த கம்பி கையிலிருந்து நேரே தண்ணீர் வாளிக்குள் போக வேண்டும். "சுர்" என்ற அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த கம்பி. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மத்தாப்பு பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை எதையும் எட்டிப் பிடிக்கும் என்பதை அந்த ஒரு நிமிடம் மறந்துவிடுகிறார்கள்.

பையனின் காலைக் குழாயடியில் பிடித்தேன். மூன்று நிமிடம் இருக்குமா? அதற்குள் அவன் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. முற்றத்தில் ஆறு பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றார்கள். மகளின் முகம் பழையபடி ஆகிவிட்டது. அத்தோடு முடித்து எல்லோரையும் உள்ளே அழைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல், கெட்டுப்போன இரவை ஒட்டுப்போட்டு நிமிர்த்திவிடலாம் என்று புஸ்வாணப் பெட்டியை எடுத்துவந்தேன். கிழிந்த துணிக்கு ஒட்டுப்போட்டுப் பழகிய கை. கைநடுக்கம் இருக்கும்போது கத்தரியைத் தொடாதே என்று வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்வார். நெருப்பு விஷயத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

மூன்று புஸ்வாணம் அழகாகப் பூத்தன. நான்காவதன் திரி கொஞ்சம் புகைந்து நின்றுவிட்டது. பத்துவரை எண்ணினேன் என்று நினைக்கிறேன், ஏழுவரைகூட இருக்கலாம். "அத்தை, அது அணைந்துவிட்டது!" என்று ஒரு பிள்ளை கத்தியது. கொளுத்திக்கொண்டிருந்த நீள ஊதுபத்தி அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். திரி எங்கே என்று தெரியவில்லை, குனிந்து பார்த்தேன். தீக்குச்சியை உரசவே இல்லை. உரசியிருந்தால் "நான்தான் பற்றவைத்தேன்" என்றாவது சொல்லிக்கொள்ளலாம். முகத்துக்கு ஒரு சாண் கீழே அது தானாகவே கிளம்பியது.

அப்புறம் கட்டுப் போட்ட கையோடு சும்மா உட்கார்ந்திருந்த வாரங்களில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நாம் விறகையும் காகிதத்தையும் பார்த்து நெருப்பைப் பழகியவர்கள். அவை எரியக் காற்று வேண்டும், காற்று இல்லாவிட்டால் அணையும். பட்டாசு மருந்து அப்படியில்லை. கரி, கந்தகம், பொட்டாசியம் நைட்ரேட் என்ற பழைய கலவையில் கரியும் கந்தகமும் எரிபொருள். பொட்டாசியம் நைட்ரேட் அவை எரியத் தேவையான ஆக்சிஜனைத் தானே கையோடு கொண்டுவருகிறது. அதனால் இறுக்கி அடைத்த காகிதக் கூட்டுக்குள், வெளிக்காற்று படாமலே, திரியின் ஒரு கங்கு மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்க முடியும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அணைந்த புஸ்வாணம். உள்ளே அது இன்னும் தன் நேரத்துக்குக் காத்திருக்கிறது. மண்ணை அள்ளிப் போட்டு மூடுவதும் இதனாலேயே நம்பக்கூடியதல்ல. தண்ணீர்தான் நம்பிக்கை, அதுவும் உள்வரை ஊறுகிற அளவுக்குத் தண்ணீர்.

எனவே பற்றாத பட்டாசு எதுவானாலும் குறைந்தது 20 நிமிடம் அதன் பக்கத்தில் போகக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். மனதுக்குள் எண்ணுகிற எண்ணிக்கைக்கு நானே சாட்சி. பிறகு எட்ட நின்று தண்ணீரை ஊற்றி, நீண்ட கோலால் தள்ளி, வாளியில் அமிழ்த்தி, இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். மறுபடி பற்றவைக்கும் முயற்சி எப்போதுமே கிடையாது. ஒரு புஸ்வாணத்தின் விலை என்ன பெரிய விலை? நன்றாக எரியப்போவதைப் பற்றவைக்கும்போதும் தலை அதற்கு நேர் மேலே வரக் கூடாது. பக்கவாட்டில் நின்று, கையை முழுவதும் நீட்டி, நீளமான கோலால் திரியைத் தொட்டுவிட்டுப் பின்வாங்க வேண்டும். ராக்கெட்டை லேசான பாட்டிலில் நிறுத்துகிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. பாட்டில் சாய்ந்தால் அது வீட்டுக்குள்ளேதான் பாயும். கனமான மணல் வாளியில் ஒரு குழாயை ஊன்றி அதில் நிறுத்துவது மேல். பல வாணங்கள் அடுத்தடுத்துக் கிளம்புகிற பெட்டியையும் சமதரையில் வைத்து, நாலு பக்கமும் செங்கல் அணைத்து நிறுத்த வேண்டும். முதல் வாணம் கிளம்பும் உதைப்பிலேயே பெட்டி கவிழ்ந்தால் மீதி அத்தனையும் வேடிக்கை பார்ப்பவர்களை நோக்கித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில், மூடாத சிறு இடங்களில் கொளுத்தும் வகைகளுக்கே குறைந்தது 8 மீட்டர் தூரம், அடுத்த பெரிய வகைக்கு 15 மீட்டர். என் முற்றம் நீளவாக்கில் ஆறு மீட்டர்கூட வராது.

துப்பட்டாவைப் பற்றிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இது பருத்தி, இது பாலியெஸ்டர் என்று சொல்லிவிடுகிறவள் நான். வாடிக்கையாளர்கள் குழந்தைகளுக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்தால் "இது நெருப்பில் உருகும், சமையலறைக்குள் போடாதீர்கள்" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு என் தோளில் கிடந்தது நானே ஓரம் அடித்த மெல்லிய பாலியெஸ்டர் துப்பட்டா. பருத்தி எரிந்தால் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகித் தோலில் பசைபோல் ஒட்டும். என் மணிக்கட்டில் ஒட்டியது. வலியில் அதை இழுத்தேன், தோலும் சேர்ந்து வந்தது. ஒட்டியதைப் பிய்க்கக் கூடாது, சுற்றியுள்ள துணியைக் கத்தரித்துவிட்டு அப்படியே விட வேண்டும் என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள். பட்டாசு கொளுத்துகிற அன்றைக்குத் தொங்குவதும் பறப்பதும் வேண்டாம். உடம்போடு ஒட்டிய, கனமான பருத்தி உடை. நீண்ட முடி என்றால் பின்னி முடிந்துகொள்ள வேண்டும். உடையில் தீப்பிடித்துவிட்டால் ஓடக் கூடாது, ஓடினால் காற்று விசிறிவிடும். நின்ற இடத்திலேயே படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருள வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் போதாது, ஒரு முறை பாயில் உருட்டிப் பழக்கிவிடுங்கள். அவர்களுக்கு அது விளையாட்டு.

வலது கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. கசக்கினேன். குழாய்த் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தேன், மறுபடி கசக்கினேன். கையைப் பனிக்கட்டி நிறைந்த பாத்திரத்துக்குள் விட்டேன். அம்மா ஓடிவந்து "எரிச்சல் அடங்கும் கண்ணு, பொறுத்துக்கொள்" என்று பற்பசையைப் பிதுக்கித் தடவினார், வலிக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார். அன்பில் குறையில்லை. செய்தது அத்தனையும் தப்பு.

சரியானது எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தீப்புண்ணுக்கு ஓடுகிற சாதாரணத் தண்ணீர், முழுதாக 20 நிமிடம். பனிக்கட்டி வேண்டாம், அது வெந்த தோலை இன்னும் சேதப்படுத்தும். பற்பசை, எண்ணெய், வெண்ணெய், மாவு எதுவும் வேண்டாம். அவை சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கின்றன, மருத்துவமனையில் அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது படுகிற பாடு தனி. மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். என் மோதிரத்தைக் கடைசியில் சின்ன ரம்பம் வைத்த கருவியால் வெட்டித்தான் எடுத்தார்கள். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. குளிர்வித்த பிறகு சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகப் போர்த்திக்கொண்டு போகலாம். கைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் பையே போதும்.

கண் வேறு கதை. அமிலமோ சுண்ணாம்போ தெறித்தால் உடனே கழுவிக்கொண்டே இருக்க வேண்டும் என்பார்கள், அது சரி. ஆனால் பட்டாசு சீறித் துகள் பாய்ந்த கண்ணில் விழியே கிழிந்திருக்கலாம். அதைக் கசக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, கழுவக் கூடாது, மருந்து போடக் கூடாது, குத்தி நிற்பது எதையும் பிடுங்கக் கூடாது. காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டிக் கண்ணில் படாதபடி கவிழ்த்து, நெற்றியிலும் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டு நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இரத்தப்போக்கைக் கூட்டக்கூடிய ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரையை இடையில் விழுங்கக் கூடாது. என்னிடம் மருத்துவர் கேட்ட இரண்டாவது கேள்வியே "என்ன மாத்திரை போட்டீர்கள்?" என்பதுதான். எனக்குப் பெயர் தெரியவில்லை.

ஆனால் அந்த மருத்துவரிடம் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மற்றப் பிள்ளைகளை அவரவர் வீட்டில் ஒப்படைக்க வேண்டும், மகள் அழுதுகொண்டிருந்தாள், அதனால் அம்மா வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. வாடகைக் காரில் தனியாகப் போனேன். முதலில் பக்கத்திலிருந்த ஒரு சிறிய மருத்துவமனை. பதிவு செய்கிற இடத்தில் "எப்படி ஆயிற்று?" என்று கேட்டார்கள். வாயில் வந்தது, "அடுப்பில் சுட்டுக்கொண்டேன்." ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நாற்பதை நெருங்குகிற ஒருத்தி, புஸ்வாணத்துக்குள் எட்டிப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? அடுப்புச் சூடு என்றதும் கைக்கு மட்டும் கட்டுப் போட்டார்கள், கண் புகைபட்டுச் சிவந்திருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். நானாகத்தான் கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்கவே முடியவில்லை, உண்மையில் பட்டாசு என்று சொன்னேன். இரவில் அங்கே கண் மருத்துவர் கிடையாது, வேறு இடம் போங்கள் என்றார்கள். பொய்க்கு விலை முக்கால் மணி நேரம். எதனால் பட்டது என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். உலோகத் துகள், இரசாயனம், வெடிப்பின் வேகம் என்று அவர்கள் தேடவேண்டியதே மாறிவிடுகிறது. இரவில் கண் மருத்துவர் இருக்கிற இடம் எது, அங்கே போக வண்டி யாரிடம் கேட்பது என்பதைப் பட்டாசு வாங்குகிற அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் ஒற்றைக் கண்ணோடு தொலைபேசியில் தேடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது இடத்தில் ஒரு செவிலியர் என் கட்டைப் பிரித்து, பற்பசையை வழித்து, கையைக் குழாயடியில் வைத்து 20 நிமிடம் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் என்றால் இதற்குப் பலன் உண்டாம். யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பதே அப்போது பெரிதாக இருந்தது, அங்கேதான் முதன்முதலாக அழுதேன். பிறகு கண்ணில் மரக்கச் செய்யும் சொட்டு, அதற்கப்புறம் ஒரு மஞ்சள் சாயம். நீல விளக்கில் பார்த்தால் கருவிழியில் சிராய்ப்பு உள்ள இடம் பச்சையாக ஒளிருமாம். "நிறையவே ஒளிர்கிறது" என்றார் மருத்துவர். கருவிழியில் துகள்கள் ஒட்டியிருந்தன. நுண்ணோக்கியை ஒத்த கருவியின் முன் தாடையை வைத்து, அசையாமல், ஊசி கண்ணை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்தாயிரம் முறை ஊசியில் நூல் கோர்த்தவளுக்கு ஊசியைப் பார்த்துப் பயம் வந்தது அன்றுதான். கசக்கியதால்தான் சிராய்ப்பு இவ்வளவு பரவியிருக்கிறது என்றும் அவர் சொன்னார். பற்றவைத்தவர்கள் மட்டுமல்ல, சும்மா நின்று வேடிக்கை பார்த்தவர்களும் இப்படி வருகிறார்கள் என்றார். டெட்டனஸ் ஊசி போட்டு, கண்ணுக்கு மூடி வைத்து, விடியற்காலையில் அனுப்பினார்கள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். வீட்டு வாசலில் இறங்கியதுமே பிளாஸ்டிக் கருகும் நாற்றம். தாழ்வாரத்தில் அம்மா ஈரச் சாக்கோடு நின்றுகொண்டிருந்தார். நான் வந்து பார்த்தால் மனம் நோகுமே என்று இரவே முற்றத்தைக் கூட்டி, புஸ்வாணக் கூடுகள், கம்பிகள், காகிதம் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறார். என் வெட்டுத்துணிகள் கிடக்கும் தொட்டி அது. கூட்டும்போது எதிலும் கனல் இல்லை, எல்லாம் அணைந்து கிடந்ததாம். நாலைந்து மணி நேரம் உள்ளுக்குள் புகைந்து, தொட்டி உருகி, பக்கத்தில் கொடியில் தொங்கிய நான்கு உருப்படிகளைப் பிடித்துவிட்டது. இரண்டு, அடுத்த வாரம் கொடுக்கவேண்டிய கல்யாணத் துணிகள். முழங்கால் வலியோடு எழுந்து தண்ணீர் குடிக்க வந்ததால்தான் அம்மா புகையைப் பார்த்திருக்கிறார். மகள் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அதை நான் நினைத்துப் பார்ப்பதில்லை. எரிந்த குப்பை அத்தனையையும் தண்ணீரில் நனைத்து, ஒரு இரவு வாளியில் ஊறவிட்டு, மறுநாள்தான் தொட்டியில் போட வேண்டும். அதுவரை அந்த வாளி வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும்.

கணக்கைச் சொல்கிறேன். கண் ஒன்பது நாளில் தெளிந்தது, ஆனால் ஒரு மாதம்வரை வெயிலில் நிற்க முடியவில்லை. கை ஆறு வாரம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டு. அதன்பின் மடங்க மறுத்த விரல்களுக்கு நாள்தோறும் பயிற்சி. ஒரு பந்தைப் பிசைவது அவ்வளவு வலிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். புதுத்தோலில் வெயில் படாமல் ஒரு வருடம் காக்கச் சொன்னார்கள். வாங்கிய முன்பணத்தைப் பதினோரு பேருக்குத் திருப்பினேன், எரிந்த துணிக்கு ஈடு கொடுத்தேன். மருத்துவச் செலவு, வருமானம் போன இரண்டு மாதம் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் அன்றைக்குப் பட்டாசுக்குச் செலவழித்ததைப் போல் எழுபது மடங்கு வந்தது. கூட்டலை மூன்று முறை சரிபார்த்தேன். கணவரிடம் மூன்றாம் நாள்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "காணொளியில் நான்தானே 'இன்னும் ஒன்று கொளுத்து' என்றேன்" என்றார். எனக்கு அது நினைவிலேயே இல்லை.

பக்கத்து வீட்டுக்கு இரண்டாம் நாள் போய் மன்னிப்புக் கேட்டேன். பையன் காலில் கட்டோடு ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா கதவைப் பாதி திறந்து "சரி" என்றாள். அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து அவளாகவே வந்து, "ஓரம் அடிக்கிற வேலை ஏதாவது இருந்தால் கொடுங்கள் அக்கா, கைத்தையல் எனக்கு வரும்" என்று உட்கார்ந்தாள்.

மகளின் பத்தாவது பிறந்தநாளுக்குப் பட்டாசு வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள்தான் மத்தாப்பு மட்டும் கேட்டாள். யோசித்து, கணவர் விடுப்பில் வந்திருந்ததால் சரி என்றேன். எல்லோருக்கும் காலணி, நடுவில் துணி ஊறாத ஒரு வாளி, பக்கத்தில் இன்னொரு வாளி. பன்னிரண்டு கம்பி, அதற்கு மேல் கிடையாது. அவற்றை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் பொறுப்பு மகளுக்கு. முடிந்ததும் அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்து எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள், பதினொன்றுதான். ஒருவரும் அசையக் கூடாது என்று அவளே உத்தரவு போட்டாள். பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நிற்க, அவள் அப்பா விளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு முற்றத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினார். கால் மணி நேரம் ஆயிற்று. செடித்தொட்டிக்குப் பின்னால், காய்ந்த இலைகளின் மேல் கிடந்தது. கணவர் அதை எடுக்கக் கையை நீட்டினார். "அப்பா, தொடாதீர்கள்!" என்று கத்திக்கொண்டே மகள் வாளியைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு ஓடினாள்.